கிளை அரைக்கும் மெஷின்: ஆயுத பூஜைக்கும் அடுத்த புயலுக்கும் நடுவே

தாம்பரம் வட்டாரத்தில் பெட்ரோல் சிப்பர் மெஷின் உழைத்துத் தேய்வது அபூர்வம். நின்றே கெட்டுப்போகிறது. சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ ஒரு குடியிருப்போர் சங்கம் சேர்ந்து வாங்கிய மெஷின், வருஷத்தில் சில வாரம் வேலை செய்தாலே அதிகம். மீதி நாளெல்லாம் பார்க்கிங் மூலையில் தார்ப்பாய் போர்த்தி, பாதி டேங்க் பழைய பெட்ரோலோடு கிடக்கிறது. டிசம்பரில் காற்றடித்துத் தெரு முழுக்கக் கிளை விழுந்த மறுநாள் காலையில் தார்ப்பாயை விலக்கிக் கயிற்றை இழுக்கிறார்கள். சத்தமே வராது. அன்றைக்கு மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கம் பட்டபாடு பலருக்கு நினைவிருக்கும். வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வீட்டுத் தெருக்களில் விழுந்த வேம்பும் தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும் பல நாள் அகற்றப்படாமல் கிடந்து, கடைசியில் பல இடங்களில் அங்கேயே கொளுத்தப்பட்டன. தோட்டக் கழிவை எரிக்கக் கூடாது, தனியாகச் சேர்த்து வைத்து உள்ளாட்சி சொல்லும் முறையில் அகற்ற வேண்டும் என்று அதே வருஷம் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. சிப்பர் வாங்கும் எண்ணம் பல சங்கங்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

கம்பெனி தரும் கைப்புத்தகம் மணிக்கணக்கில் சர்வீஸ் சொல்லும்: முதல் 20 மணியில் ஆயில், பிறகு 50, 100 என்று. அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் எப்போதாவது ஓடும் மெஷினுக்கு 100 மணி வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். ஆகவே இந்த ஊரில் சர்வீஸை மழையை வைத்து முடிவு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. பெரும்பாலும் அதற்கு முன்னால் வரும்படி, எல்லா மெஷினையும் வெளியே இழுத்துத் துடைக்கும் ஒரு நாளை நம் முன்னோர் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் இந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பூஜையன்று சந்தனம் குங்குமத்தை ஹாப்பர் மேல் வையுங்கள். எஞ்சினின் கூலிங் ஃபின் மேலும் ஏர் ஃபில்டர் மூடி மேலும் வேண்டாம்.

இங்கே பேசுவது ஆறரை, ஏழு குதிரைத்திறன் கொண்ட சாதாரண மெஷினைப் பற்றி: சுமார் 200 சிசி, ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஓட்டுவது. ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சினோ அதை அச்சாகப் பார்த்துச் செய்த சீன எஞ்சினோ அதில் இருக்கும். அளவுகள் அந்த வகைக்கு உரியவை. உங்கள் மெஷினின் கைப்புத்தகம் வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

கை வைக்கும் முன்

பிளக் மூடியைப் பிடுங்கி ஓரமாகக் கட்டுங்கள். சுவிட்ச் அணைத்தால் போதாது. பிளேடு தட்டைக் கையால் சுற்றும்போது பெல்ட் வழியாக எஞ்சினும் சுற்றும், பொறி விழுந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த மெஷினை அணைத்த பிறகும் தட்டு நல்ல கனமானது என்பதால் வெகுநேரம் சுழலும். கண்ணால் பார்த்து நின்றது தெரிந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஹாப்பரில் கை போகவே கூடாது. தள்ளுவதற்கு ஒரு கிளையே போதும். ஓட்டுபவர் வேட்டி, லுங்கி, கழுத்தில் துண்டு, தொங்கும் துப்பட்டா எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடியும் காதுமூடியும் கட்டாயம்.

அபார்ட்மென்டுகளுக்குத் தனியாக ஒரு சொல். மழைக்கு ஒதுங்கி ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள் மெஷினை ஓட்டிப் பார்க்காதீர்கள். மூன்று பக்கம் சுவர் உள்ள இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு தங்கும்; அதற்கு வாசனை கிடையாது.

பெட்ரோல்தான் முதல் எதிரி

இன்று பங்கில் வாங்குவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நாடு 2022-ல் 10 சதவீதத்தை எட்டியது; 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை சில பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் ஏறக்குறைய எங்கும் வந்துவிட்டது. தினமும் ஓடும் பைக்குக்கு இதனால் பெரிய சிக்கல் தெரியாது. வாங்கியது வாரத்தில் எரிந்துவிடும். சிப்பரில் அது மாதக்கணக்கில் நிற்கிறது. டேங்க் மூடியில் உள்ள சின்னத் துளை வழியாக ஈரக்காற்று உள்ளே போய் வருகிறது. எத்தனால் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்பரேட்டருக்குக் குழாய் போவதும் அந்த அடியிலிருந்துதான். பல சின்ன எஞ்சின்களின் கைப்புத்தகம் 10 சதவீத எத்தனால் வரைக்குமே அனுமதி தருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிற்கும் மெஷினில் பெட்ரோலே இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடலாம்.

ஆகவே அன்றன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். முழு வேகத்தில் இந்த எஞ்சின் மணிக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சினை அப்படியே ஓட விடுங்கள். கார்பரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே அணையும். பிறகு பவுலின் அடியில் உள்ள வடிகால் ஸ்குருவைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்குங்கள். அடுத்த வேலை இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகுமானால் டேங்கையும் வடித்து, அந்தப் பெட்ரோலை அன்றே யாருடைய ஸ்கூட்டரிலாவது ஊற்றிவிடுங்கள். சேர்த்து வைக்க வேண்டாம்.

பழையது கிடக்கிறதா? ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து அசையாமல் பத்து நிமிஷம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் எந்த வண்டிக்கும் ஆகாது. அதை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். இங்கே கால்வாய் எல்லாம் சிட்லபாக்கம், செம்பாக்கம் போல ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்.

மரம் வெட்டுபவர்களிடம் இன்னொரு குழப்பம் உண்டு. அவர்களுடைய சங்கிலி ரம்பத்துக்கு 2டி ஆயில் கலந்த பெட்ரோல் வேண்டும். சிப்பருக்குக் கலக்கக் கூடாது. மாற்றி ஊற்றினால் சிப்பர் புகைந்து பிளக் கறுத்துப்போகும், தப்பித்துவிடும். ரம்பத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதற்கு மீட்சி கிடையாது. இரண்டு கேனுக்கும் வேறு வேறு நிறம் இருக்கட்டும்.

கார்பரேட்டர் அடைத்துவிட்டதென்றால் கழற்றுவதற்குப் பயப்பட வேண்டாம். அடியில் உள்ள ஒரே போல்ட்டை எடுத்தால் பவுல் கையோடு வரும். உள்ளே வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவோ இருக்கும். நடுவில் நிற்கும் பித்தளைத் தூணுக்குள் மெயின் ஜெட். சரியான அகலத்தில் தட்டை ஸ்குருடிரைவர் வைத்துக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி அதனால் குத்தி எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் எஞ்சின் அதிகம் குடிக்கத் தொடங்கும். கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பஞ்சர் கடையில் காற்று பிடித்து எல்லாத் துளையையும் ஊதுங்கள். கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். பசை தடவி ஒட்டினால் அந்தப் பசையே பிறகு ஜெட்டுக்குள் போகும். பவுல் உள்பக்கம் அரித்துக் குழி விழுந்திருந்தால் கழுவி மாளாது. இந்த வகை எஞ்சினுக்கு முழு கார்பரேட்டரே எளிதாகக் கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள்.

கயிற்றை இழுத்தும் ஓடாவிட்டால்

வேர்த்து விறுவிறுக்க இழுத்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாலு இழுப்பில் பிடிக்காத எஞ்சின் நாற்பதிலும் பிடிக்காது; நின்று யோசிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை சங்கடமான அளவுக்குச் சாதாரணமானவை. சுவிட்ச் போட்டிருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் மூடியிருக்கிறதா? ஹாப்பர் மூடி சரியாக உட்காராவிட்டால் எஞ்சினை ஓட விடாத ஒரு பாதுகாப்பு சுவிட்ச் சில மெஷின்களில் உண்டு. அடுத்தது ஆயில். ஆயில் குறைந்தால் பொறியைத் துண்டிக்கும் சென்சார் இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் இருக்கிறது. சரிவான தெருவில் மெஷின் சாய்ந்து நின்றால்கூட அது ஆயில் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். சமதரையில் நிறுத்திப் பாருங்கள்.

அதற்குப் பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. மேலே சொன்ன கார்பரேட்டர் வேலைக்குப் போங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை, அல்லது சோக்கை மூடியபடி இழுத்து வெள்ளமாக்கிவிட்டீர்கள். பிளக்கைத் துடைத்து, மூடியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உடம்பைத் தொடும்படி வைத்து ஒருவர் கயிற்றை இழுக்கட்டும். இதைப் பிளக் துளையிலிருந்து தள்ளியே செய்யுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலப் பொறி டக் டக் என்று விழ வேண்டும். இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பிபிஆர்6இஎஸ் என்ற எண் கொண்ட பிளக்தான் இந்த வகைக்கு வழக்கமானது. பழைய பிளக்கோடு மல்லுக்கட்டுவதைவிட ஆயுத பூஜைக்கு ஒன்று புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

புது பிளக்கிலும் பொறி இல்லையா? ஆயில் சென்சாரின் வயரைத் தற்காலிகமாகப் பிரித்துப் பாருங்கள். பொறி வந்தால் பழுது அங்கேதான். அப்படியும் வராவிட்டால் எஞ்சின் கவசத்தைக் கழற்ற வேண்டும். இங்கே இரண்டு விஷயம் அடிக்கடி கிடைக்கும். ஒன்று, எலியோ பெருச்சாளியோ கடித்த வயர். இரண்டாவது, துருப்பிடித்த ஃப்ளைவீல் காந்தம். மழைக்காலம் முழுக்க நின்ற மெஷினில் காந்தத்தின் மேல் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே 0.4 மி.மீ. விட்டு இறுக்குங்கள். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் ஒரு தடித்த விசிட்டிங் கார்டை நடுவே வைத்து இறுக்கிப் பிறகு உருவிக்கொள்ளலாம்.

எலியைச் சொன்ன வாயால் குளவியையும் சொல்ல வேண்டும். மண்கூடு கட்டும் குளவிக்கு சைலன்சர் துளையும் டேங்க் மூடியின் காற்றுத் துளையும் மிகவும் பிடித்த இடம். எஞ்சின் பிடித்து ஐந்து நிமிஷம் ஓடி அணைந்து, மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடுகிறது என்றால் மூடித்துளை அடைத்திருக்கிறது என்று பொருள். சைலன்சர் வாயை நிறுத்தி வைக்கும் காலத்தில் துணியால் கட்டி வையுங்கள், எடுக்க மறக்காத அளவுக்குப் பளிச்சென்ற நிறத்தில்.

ஓடும்போது சத்தம் ஏறி இறங்கி அலைந்தால் சின்ன ஜெட் அடைப்பு. கறும்புகை என்றால் ஏர் ஃபில்டர். நீலப்புகை என்றால் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறது, அல்லது மெஷினைத் தப்பான பக்கம் சாய்த்திருக்கிறார்கள். இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாவிட்டால் வால்வு மூடவில்லை. குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பிளேடு தண்டு எஞ்சினோடு பெல்ட் இல்லாமல் நேராக இணைந்த மெஷின் கட்டையில் சிக்கித் திடீரென்று நின்று, அதிலிருந்து திருப்பி உதைக்கிறது, டப் டப் என்று வெடிக்கிறது என்றால், ஃப்ளைவீல் சாவி வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்திருக்கலாம். சின்னத் துண்டு இரும்புதான் அது. ஆனாலும் கம்பெனி சாவியே போடுங்கள், பட்டறையில் ஆணியை ராவிச் சொருக விடாதீர்கள்.

ஆயிலும் ஃபில்டரும்

இதில் சொல்ல அதிகமில்லை. 10டபிள்யூ-30 நாலு ஸ்ட்ரோக் ஆயில், 0.6 லிட்டர். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடியுங்கள். ஆயில் கம்பியை இந்த எஞ்சின்களில் திருகாமல் செருகியே அளவு பார்க்க வேண்டும். கறுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை, பூஜைக்கு முன், மாற்றிவிடுங்கள்.

ஏர் ஃபில்டருக்கு மட்டும் மணிக்கணக்கை மறந்துவிடுங்கள். சிப்பர் தன் மூக்கருகே தானே தூசி கிளப்பும் மெஷின். காய்ந்த கிளை அரைத்த ஒவ்வொரு நாளும் மாலையில் ஃபோமைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி, இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிசைந்து, பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டரைத் தட்டி எடுக்க மட்டும் செய்யலாம், கழுவக் கூடாது.

பிளேடு

எஞ்சினைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டாலும் சிப்பரின் உயிர் பிளேடில் இருக்கிறது. எஞ்சின் திணறுகிறது, பெல்ட் வழுக்கிக் கருகுகிறது, பேரிங் சீக்கிரம் போகிறது என்று வரும் புகார்களைக் கிளறினால் பாதிக்கு மேல் மழுங்கிய பிளேடில் போய் முடியும். நல்ல பிளேடு கிளையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் தள்ள வேண்டியிருந்தால் மழுங்கிவிட்டது. வெளியேற்றும் சரிவில் வந்து விழுவதையும் பாருங்கள். ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்ட சில்லுகள் விழ வேண்டும். நாரும் தூளுமாக விழுந்தால் அது வெட்டவில்லை, கிழிக்கிறது.

கழற்றும் முன் தட்டை ஒரு மரக்கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். பிளேடுகளுக்கும் அவற்றின் இடத்துக்கும் 1, 2 என்று குறியிட்டுக்கொள்ளுங்கள். போல்ட் வராவிட்டால் துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். சில பிளேடுகளுக்கு இரண்டு பக்கமும் முனை உண்டு. திருப்பி மாட்டினால் இன்னொரு சீசன் ஓடும். பலர் இது தெரியாமலே சாணைக்குக் கொண்டுபோகிறார்கள்.

சாணையைக் கையில் பிடிக்கும் கிரைண்டரில் செய்யாதீர்கள். முனை நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் உறுதி போய்விட்டது, அரை மணி நேரத்தில் மறுபடி மழுங்கும். கிண்டி, பெருங்குடி தொழிற்பேட்டைகளிலும் பல்லாவரம், பம்மல் பக்கத்துச் சின்னப் பட்டறைகளிலும் சர்ஃபேஸ் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: “அண்ணே, கூலன்ட் விட்டு புடிங்க, நீலம் ஏறக் கூடாது. பழைய கோணத்தை மாத்தாதீங்க. ரெண்டு பிளேடையும் ஒரே அளவு எடுங்க.” மூன்றாவதுதான் முக்கியம். ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தால், மற்றது நன்றாக இருந்தாலும், அதையும் அதே அளவு தேய்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். எடை ஒத்துப்போகாவிட்டால் முழு வேகத்தில் மெஷின் உதறும். அந்த உதறல் முதலில் பேரிங்கையும் பிறகு வெல்டிங்கையும் தின்னும்.

மாட்டும்போது இழையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, 8.8 என்று தலையில் பொறித்த புது போல்ட் போடுங்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையின் சாதாரண போல்ட் பிளேடுக்கு ஆகாது. முழு வேகத்தில் அது முறிந்தால் பிளேடு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. நைலாக் நட்டு ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டியது. 10 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம். டார்க் ரிஞ்சை மெக்கானிக்கிடம் அரை மணி நேரம் இரவல் வாங்கலாம்.

கடைசியாக இடைவெளி. சுழலும் பிளேடுக்கும் அசையாமல் நிற்கும் எதிர்ப்பட்டைக்கும் நடுவே ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. சாணை பிடித்த பிளேடு குறுகியிருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் இதைத் திருத்த வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு “சாணை பிடிச்சும் வெட்ட மாட்டேங்குது” என்பவர்கள் ஏராளம். சாதாரண கை ஹேக்சா பிளேடு முக்கால் மி.மீ.க்குச் சற்றுக் குறைவான தடிமன். பல் இல்லாத முதுகுப் பக்கமாக இரண்டைச் சேர்த்து நடுவே விட்டால் லேசாக உரசிப் போக வேண்டும். தட்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு பிளேடின் இரண்டு ஓரத்திலும் பாருங்கள். எதிர்ப்பட்டையின் மூலை உருண்டுபோயிருந்தால் அதைத் திருப்பிப் போடலாம்; பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலைகள் பயன்படும்படி செய்திருக்கிறார்கள்.

எதைக் கொடுப்பது, எதைக் கூடாது

75 மி.மீ. கிளை வரை அரைக்கும் என்று விளம்பரம் சொல்லும். பச்சை முருங்கைக்கு அது உண்மையாக இருக்கலாம். காய்ந்த சவுக்குக்கு அதில் பாதிதான் மெஷினுக்கு நல்லது. வெட்டின வாரத்துக்குள் பச்சையாகவே அரைத்துவிடுங்கள். காய்ந்தால் எந்த மரமும் பிளேடைத் தின்னும்.

நம் ஊர் மெஷின்களைச் சாகடிப்பது தென்னை மட்டை. ஓலையின் நார் வெட்டுப்படாமல் தண்டில் சுற்றி, பேரிங் சீலுக்குள் நுழைந்து, கிரீஸை உறிஞ்சி வெளியே தள்ளும். ஓலையைச் சீவிவிட்டு மட்டையை மட்டும், அடிப்பகுதியை நீளவாக்கில் பிளந்து, இடையிடையே வேப்பங்கிளையோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். பனை மட்டையும் கொடிகளும் வேண்டவே வேண்டாம்.

சாலையோர மரமானால் கொடுக்கும் முன் தடவிப் பாருங்கள். ஜிஎஸ்டி சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் டியூஷன் விளம்பரமும் வீட்டுமனை விளம்பரமும் அடிக்கப்படாத மரம் குறைவு. ஆணி பட்டை மூடி உள்ளே போயிருக்கும்; கேபிள் வயர், சீரியல் விளக்குக் கம்பியும் கிளையோடு சேர்ந்து வளர்ந்திருக்கும். ஒரே ஓர் ஆணி போதும், இரண்டு பிளேடிலும் ஒரே இடத்தில் பள்ளம் விழ. வெள்ளத்தில் கிடந்த கிளையில் வண்டல் அப்பியிருக்கும், அது ஆணியைவிட மோசம். பார்வைக்குத் தெரியாமல் முனை முழுவதையும் தேய்த்துவிடும்.

மாலையில் வெளியேற்றும் சரிவைத் திறந்து ஈரத்தூளைச் சுரண்டி எடுங்கள். பச்சை வேம்பின் சாறு ராத்திரியோடு இறுகி, அடியில் துரு பிடிக்க வைக்கும்.

பெல்ட், பேரிங்

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10, 12 மி.மீ. இறங்க வேண்டும். பக்கவாட்டில் பளபளவென்று இருந்தால் வழுக்கியிருக்கிறது, மாற்றுங்கள். பேரிங்கை அரை மணி நேரம் ஓட்டிய பிறகு மெஷினை நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கிரீஸ் இல்லை அல்லது ஆயுள் முடிந்தது. பெல்ட்டிலும் பேரிங்கிலும் எண் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் பாரிமுனைக்குப் போய்ச் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் விசாரியுங்கள். பழைய பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஸ்பேனர், கிரீஸ் கன், புல்லி எடுக்கும் கருவி போன்றவை மலிவாகக் கிடைக்கும். பேரிங்கை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

வெள்ளம் வருமுன்னும் வந்த பின்னும்

முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த நகர்கள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கின. அடையாறு ஆதனூர்ப் பக்கம் புறப்பட்டு இந்த வழியாகத்தான் வருகிறது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் இதற்கும் கீழே, திருநீர்மலை அருகேதான் ஆற்றில் சேர்கிறது. ஆகவே செம்பரம்பாக்கம் திறப்பு அறிவிப்பை மட்டும் எதிர்பார்த்திருந்தால் முடிச்சூர்க்காரர்கள் ஏமாந்துபோவார்கள். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பும் செய்தி வந்தாலே கிளம்ப வேண்டும்.

முழு மெஷினை மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டும். எஞ்சின் மட்டும் என்றால் 16 கிலோ சொச்சம்தான். பெட்ரோலை வெளியிலேயே வடித்து, பெல்ட்டை எடுத்து, சுவிட்ச் வயரைப் பிரித்து, அடியில் உள்ள நாலு போல்ட்டையும் கழற்றினால் ஒருவரே தூக்கிக்கொண்டு மாடியேறலாம். அந்த நாலு போல்ட்டும் ஆயுத பூஜை சமயத்திலேயே ஒருமுறை கழற்றி கிரீஸ் தடவி மாட்டப்பட்டிருக்க வேண்டும். கொட்டும் மழையில் துருப்பிடித்த போல்ட்டோடு போராட முடியாது. மேலே கொண்டுபோன எஞ்சினை அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத அறையில் வையுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்து, எதிர்ப்பு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடிய நிலை அது, ஈரம் உள்ளே போகாது.

மூழ்கிவிட்டதா? யாரும் கயிற்றைத் தொடக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. வேகமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையலாம். தண்ணீர் வடிந்த அன்றே வேலை தொடங்குங்கள், இரண்டு மூன்று நாள் விட்டால் சிலிண்டர் சுவரில் துரு கட்டும். சாக்கடை கலந்த வெள்ளம் என்பதால் ரப்பர் கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருகிறது.

வெளிச்சேற்றை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் போல்ட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகு பால் கலந்த டீ நிறத்தில் ஆயில். டேங்கையும் கார்பரேட்டர் பவுலையும் முழுக்கக் காலி செய்யுங்கள். பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு, சுவிட்சை அணைத்து வைத்து, கயிற்றை மெதுவாகப் பலமுறை இழுங்கள்; தண்ணீர் துளை வழியே பீய்ச்சி வெளியேறும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். ஃபோமை அலசுங்கள், பேப்பர் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். காயிலையும் ஃப்ளைவீலையும் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில், வெயில் இல்லாவிட்டால் ஹேர் டிரையரில், உலர்த்துங்கள். கயிறு சுற்றும் பெட்டிக்குள் மணல் இருக்கும். அதன் சுருள் ஸ்பிரிங்கை வெளியே எடுக்க முயலாமல் தண்ணீர் பாய்ச்சியே சுத்தம் செய்யுங்கள்; கையை மீறிச் சிதறினால் முகத்தைக் கிழிக்கும்.

புது ஆயில், புது பிளக், அன்று வாங்கிய பெட்ரோல். பெல்ட்டை மாட்டாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் எஞ்சினை வெறுமனே ஓட்டி, சூட்டோடு ஆயிலை வடித்துப் பாருங்கள். வெளுப்பு இருந்தால் மறுபடி புதிது ஊற்றி ஓட்டுங்கள். 0.6 லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் மூன்று முறை மாற்றினாலும் இரண்டு லிட்டருக்குள் முடியும். இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓடும்போது உள்ளே இரும்பு தட்டும் சத்தம் கேட்டால் யாரோ ஏற்கெனவே கயிற்றை இழுத்திருக்கிறார்கள். ராடு வளைந்த எஞ்சினைப் பிரித்துச் செலவழிப்பதைவிட வேறு எஞ்சின் மாற்றுவது பெரும்பாலும் சிக்கனம்.

எஞ்சின் தேறிய பிறகே பிளேடு பக்கம் வாருங்கள். பேரிங்கில் பழைய கிரீஸ் சேறோடு வெளியேறிப் புது கிரீஸ் நிறம் தெரியும் வரை கன்னை அழுத்துங்கள். தட்டைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடும் சத்தம் இருந்தால் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான். பிளேடைக் கழற்றித் துடைத்து, இடைவெளி பார்த்து மாட்டி, விரல் தடிமனுள்ள சுத்தமான வேப்பங்கிளைகளைக் கால் மணி நேரம் கொடுங்கள். நிறுத்துங்கள். பிளக் மூடியைப் பிடுங்கிவிட்டு பிளேடு போல்ட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், பேரிங்கைத் தொட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால், தெருவில் கிடக்கும் கிளைகளைக் குழாய்த் தண்ணீரில் வண்டல் போக அலசிவிட்டு, ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கலாம்.